மெயின் பட்டை உடைஞ்சா வண்டியை நகர்த்தலாமா? அதுக்கு முன்னாடி உடைஞ்ச துண்டைப் பாருங்க

பட்டைன்னா வண்டிக்கு அடியில ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்கி இருக்கற வளைஞ்ச லீஃப் ஸ்பிரிங்; மேல இருக்கற நீளமானது மெயின் பட்டை, எல்லாம் சேர்ந்தது ஒரு கட்டு. பிக்கப் ஓட்டறவங்ககிட்ட "பட்டை உடைஞ்சிடுச்சு"ன்னு போன் பண்ணா முதல்ல வர்ற பதில் "லோடை இறக்கிட்டு மெதுவா ஓட்டிட்டு வந்துடு"ன்றதுதான். சில சமயம் அது சரி. சில சமயம் அது ஆளையே காலி பண்ற பதில். எந்தப் பட்டை உடைஞ்சது, பட்டைங்களை நடுவுல கோர்க்கற சென்டர் போல்ட்டுக்கு முன்பக்கமா பின்பக்கமா, இந்த ரெண்டையும் குனிஞ்சு பார்க்காம அந்த பதிலை யாரும் சொல்லவும் கூடாது, நாமளும் கேட்கக் கூடாது. அதோட பட்டை உடைஞ்சாலே "ஓவர்லோடு ஏத்தியிருப்ப"ன்னு ஒரே காரணத்தை எல்லாருக்கும் ஒட்டிடறாங்க. உடைஞ்ச துண்டை கையில எடுத்துப் பார்த்தா அதுவே காரணத்தை சொல்லும். அதைப் பார்க்காம புதுப் பட்டை போட்டா, அதே இடத்துல திரும்ப உடையும்.

நான் தண்டையார்பேட்டை. சொந்தமா ஒரு ஒன்றரை டன் பிக்கப் வெச்சிருக்கேன், நானேதான் ஓட்டறேன். விடியக்காலை காசிமேட்டுலேர்ந்து மீன், பகல்ல மணலி, மாதவரம் பக்கம் கிடைக்கற லோடு. நம்ம ஏரியா ரோடு எப்படின்னு தெரியாதவங்க இல்ல. ஒரு பக்கம் துறைமுகம், ஒரு பக்கம் மணலி ரிஃபைனரி, அந்தப் பக்கம் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி, எல்லாத்துக்கும் போற கன்டெய்னர் டிரெய்லர் நம்ம வண்டிக்கு முன்னாடியும் பின்னாடியும் நிக்கும். அவ்ளோ வெயிட்டு போற ரோடு ஓரமெல்லாம் அமுங்கி அலை அலையா கிடக்கும், நம்ம சின்ன சக்கரம் அதுல விழுந்து எழும்பும்போது அடி முழுக்க பட்டைக்குத்தான் போகுது.

விஷயத்துக்கு வர்றதுக்கு முன்னாடி பட்டை என்ன வேலை பண்ணுதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன், இது புரியாததாலதான் நிறைய பேரு தப்பா முடிவு எடுக்கறாங்க. குலுங்காம இருக்கறதுக்கு மட்டும் பட்டை இல்ல. பின்னாடி ஆக்சில் வண்டிக்கு அடியில அதோட இடத்துல நிக்கறதே அந்தப் பட்டையாலதான். மெயின் பட்டையோட முன் கண்ணு (நுனியில சுருட்டின வளையம்) சேசிஸ்ல இருக்கற ஹேங்கர்ல ஒரு பின் போட்டு நகராம நிக்கும், பின் கண்ணு ஷேக்கிள்ன்ற அசையற இணைப்புல ஆடும், ஏன்னா வெயிட்டு ஏறும்போது பட்டை நிமிர்ந்து நீளும், அதுக்கு இடம் வேணும். அப்போ வண்டியை முன்னாடி தள்ளற தள்ளும், பிரேக் போட்டா பின்னாடி இழுக்கற இழுப்பும், எல்லாம் அந்த முன் கண்ணு வழியாதான் சேசிஸுக்குப் போகுது. கீழ இருக்கற மூணாம் பட்டை, நாலாம் பட்டை எல்லாம் வெயிட்டை மட்டும் தாங்கும். மெயின் பட்டை வெயிட்டும் தாங்கும், ஆக்சிலையும் பிடிச்சு வெச்சிருக்கும். அதனால பட்டை உடைஞ்சதுன்னு பொதுவா சொல்றதுல அர்த்தமே இல்ல.

எனக்கு உடைஞ்சது இடது பின்பக்கம், மெயின் பட்டை, முன் கண்ணுலேர்ந்து ஒரு சாண் தூரத்துல. மோசமான இடம்னா அதுதான்.

காசிமேட்டுல ஏலம் முடிஞ்சு பொன்னேரிக்கு மீன் ஏத்திட்டுப் போறேன், ஒரு அக்காவோட லோடு, வருஷக்கணக்கா எனக்கு லோடு கொடுக்கறவங்க. பெட்டியெல்லாம் ஐஸ் போட்டு அடுக்கி தார்ப்பாய் கட்டியாச்சு. லோடு லிமிட்டுக்குள்ளதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, எடை போட்டு ஏத்தற லோடு அது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல திருவொற்றியூர் தாண்டி எர்ணாவூர் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, முன்னால போன டிரெய்லர் சடார்னு நின்னுச்சு, நான் பிரேக் போட்ட அதே நேரம் இடது சக்கரம் ஒரு பள்ளத்துல இறங்குச்சு. டமார்னு ஒரு சத்தம், டயர் வெடிச்சதுன்னுதான் நினைச்சேன். ஆனா டயர் வெடிச்சா வர்ற அந்த புஸ்ஸுன்ற காத்து இல்ல. வண்டி இடது பக்கமா இழுத்துச்சு, பின்னாடி ஏதோ உரசற சத்தம், ரப்பர் கருகுற வாடை. ஹசார்டு போட்டு அப்படியே ஓரம் கட்டினேன்.

இறங்கிப் பார்த்தா இடது பின் டயர் மட்கார்டோட பின் ஓரத்துல ஒட்டி நிக்குது. பாடி சாஞ்சிருக்கு, அது எதிர்பார்த்ததுதான், ஆனா டயர் பின்னாடி தள்ளிப் போயிருந்ததுதான் எனக்கு பயத்தைக் கொடுத்துச்சு. பிரேக் போட்டப்ப ஆக்சிலோட இடது பக்கம் பின்னால நகர்ந்துடுச்சுன்னு அர்த்தம். வலது பக்கம் சரியா இருக்கு, இடது பக்கம் பின்னால இருக்கு, அப்போ பின் ஆக்சில் குறுக்கா நிக்குது. இந்த நிலைமையில ஓட்டினா வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டுல போகும். அது கூடப் பரவால்ல, ஆக்சில் இன்னும் கொஞ்சம் பின்னால போனா பிரேக் ஹோஸ் இழுத்து அறுந்துடும், ஹேண்ட்பிரேக் கேபிள் இழுபடும், பின் ஆக்சிலுக்கு சுத்தலைக் கொண்டு போற புரோப்பல்லர் ஷாஃப்ட் ஸ்லிப் ஜாயிண்ட்லேர்ந்து வெளியவே வரலாம். பின்னால வர்றது முழுக்க கன்டெய்னர் வண்டிங்க. அந்த ரோட்டுல பிரேக் இல்லாம நடு ரோட்டுல நிக்கறதை நினைச்சுப் பாருங்க.

அப்போ அங்க நின்ன ரெண்டு டிரைவருங்க நல்ல மனசோடதான் சொன்னாங்க, "அண்ணே ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவுல ஒரு மரக்கட்டையை சொருகிட்டு மணலி வரைக்கும் உருட்டிடலாம்"னு. கட்டை வெக்கறது பழைய லாரிக்காரங்க வழக்கம், அதுக்கு ஒரு பயன் இருக்கு, பாடி உயரத்தை அது தாங்கும். ஆனா ஆக்சில் முன்னும் பின்னும் நகர்றதை கட்டை தடுக்காது. முன்பக்கம் உடைஞ்ச மெயின் பட்டைக்கு கட்டை மருந்தே இல்ல. சில வண்டியில ரெண்டாம் பட்டையோட நுனி மெயின் பட்டை கண்ணை சுத்தி வளைஞ்சு வரும், மெயின் போனாலும் ரெண்டாவது கொஞ்சம் பிடிச்சு வெக்கும், அப்படி இருந்தா ரோட்டை விட்டு ஓரமா கொண்டு வர அது உதவும். என் வண்டியில அந்த வளைவு பாதியோட நின்னுருந்துச்சு, பிடிக்கல. செயின் போட்டு ஆக்சிலை முன்பக்க ஹேங்கரோட சேர்த்து இறுக்கிக் கட்டறதும் ஒண்ணு இருக்கு, பெட்ரோல் பங்க் வாசல் வரைக்கும் நகர்த்தறதுக்கு அது ஓகே, பாலம் ஏறி இறங்கறதுக்கு இல்ல.

நான் ரெக்கவரி வண்டிதான் கூப்பிட்டேன், மேல ஏத்திட்டுப் போற டைப்பு. அது வர்றதுக்குள்ள மீனைப் பார்க்கணும். அக்காவுக்கு உடனே போன் பண்ணி உள்ளதைச் சொல்லிட்டேன், "அக்கா, வண்டி நகராது, நீங்க பொன்னேரிக்கு சொல்லிடுங்க, நான் வேற வண்டி மாத்தி விடறேன்". அவங்க கத்துவாங்கன்னு பார்த்தா, "தம்பி, உனக்கு ஒண்ணும் ஆவலையே? மொதல்ல நீ ரோட்டை விட்டு தள்ளி நில்லு"ன்னாங்க. ஹார்பர்ல லோடுக்கு நின்ன நம்ம பையன் ஒருத்தன் அவன் வண்டியை எடுத்துட்டு வந்தான், ரெண்டு வண்டியையும் பின்பக்கம் பின்பக்கமா ஒட்டி நிறுத்தி பெட்டியை தள்ளினோம். மீன் லோடு ஓட்டறவங்களுக்கு இதுல ஒரு விஷயம், தார்ப்பாயை முழுசா உருவிடாதீங்க, வெயில் ஏறிடும், ஒரு வரிசை மாத்தற அளவுக்கு மட்டும் மடக்குங்க, கடைசி பெட்டி வரைக்கும் ஐஸ் நிக்கும்.

ஒரு எச்சரிக்கை. லோடு இருக்கும்போது வண்டிக்கு அடியில போகாதீங்க, உடைஞ்ச பட்டைங்களுக்கு நடுவுல கை விடவே விடாதீங்க. உடையாத மத்த பட்டைங்க எல்லாம் இன்னும் முறுக்கிக்கிட்டு நிக்குது, வெயிட்டு கொஞ்சம் நகர்ந்தா போதும், விரல் போயிடும். நல்லா இருக்கற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லு கொடுத்துட்டு, தூரத்துலேர்ந்து டார்ச் அடிச்சுப் பாருங்க, அதுலயே தெரிஞ்சிடும். ஜாக்கி போட்டே ஆகணும்னா சேசிஸுக்கு அடியில, கீழ பலகை போட்டு போடுங்க. தேசிய நெடுஞ்சாலையில, செங்குன்றம் தாண்டி ஜிஎன்டி ரோட்டுல மாட்டிக்கிட்டா 1033க்கு போன் பண்ணலாம், வண்டியை ஓரத்துக்கு எடுக்க உதவி வரும்.

எல்லா உடைசலுக்கும் ரெக்கவரி வேணும்னு நான் சொல்லல. கீழ இருக்கற மூணாவது நாலாவது பட்டை மட்டும் உடைஞ்சு மெயினும் ரெண்டாவதும் முழுசா இருந்தா, லோடை இறக்கிட்டு, இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகாம பக்கத்து பட்டறை வரைக்கும் ஓட்டலாம், நானும் அப்படி ஓட்டியிருக்கேன். தொங்கற துண்டை மட்டும் கட்டுக்கம்பி போட்டு இறுக்கிக் கட்டிடுங்க, அது கழண்டு ரோட்டுல விழுந்தா பின்னால பைக்ல வர்ற ஆளு என்ன ஆவான். மெயின் பட்டையே உடைஞ்சாலும் ஷேக்கிள் பக்கம் உடைஞ்சிருந்தா ஆக்சில் இடத்துலதான் நிக்கும், பாடி மட்டும் உக்காரும், அதுக்கு கட்டை வெச்சு காலி வண்டியா மெதுவா நகர்த்தறது நடக்கற காரியம். முன்பக்கம் உடைஞ்சா நகர்த்தாதீங்க. முன் ஆக்சில்லயும் பட்டை இருக்கற வண்டியில அந்தப் பட்டையோட மெயின் உடைஞ்சா எந்தப் பக்கமா இருந்தாலும் நகர்த்தாதீங்க, ஸ்டியரிங் உங்க பேச்சைக் கேட்காது. பாரபாலிக் பட்டை வண்டிக்கும் அதே கதைதான். அதுல ரெண்டு மூணு பட்டைதான் இருக்கும், நடுவுல தடியா நுனியில மெலிசா, ஒவ்வொண்ணும் பெரிய பங்கு வெயிட்டை தாங்கறதால ஒண்ணு போனா மிச்சம் தாங்காது.

வண்டியை மாதவரம் பக்கம் ஒரு பட்டை பட்டறைக்கு கொண்டு போனேன். லாரி ஊருன்றதால பட்டறைக்கு நம்ம பக்கம் பஞ்சம் இல்ல, ஆனா வழியில முதல்ல கேட்ட இடத்துல "வெல்டிங் வெச்சு சாயந்திரமே அனுப்பிடறேன்"னு சொன்னாங்க, நான் வண்டியை இறக்கவே இல்ல. ஏன்னு சொல்றேன். பட்டை சாதா இரும்பு இல்ல, ஸ்பிரிங் ஸ்டீலு, கார்பன் அதிகம். அதை சிவக்க காய்ச்சி, எண்ணெயில முக்கி, திரும்ப அளவா சூடு காட்டி டெம்பர் ஏத்தினதுக்கு அப்புறம்தான் வளைஞ்சு நிமிர்ற குணம் வருது. வெல்டிங் வெச்சா அந்த இடத்துல அந்த குணம் போயிடும். வெல்டிங்கை ஒட்டி ஒரு பக்கம் கண்ணாடி கணக்கா விறைச்சுக்கும், அதைத் தாண்டி கொஞ்ச தூரம் மெத்துனு ஆயிடும், ஒட்டு நல்லா நின்னாலும் ஒட்டுக்குப் பக்கத்துல உடையும். எங்க ஸ்டாண்டுல ஒரு அண்ணன் வெல்டிங் வெச்சு ஓட்டினாரு, ஒட்டு அப்படியே இருக்க பக்கத்துல ஒரு விரல் தள்ளி உடைஞ்சுது, அதுவும் லோடோட. பட்டைக்கு வெல்டிங் வெக்காதது மட்டும் இல்ல, பாடியில வேற வேலைக்கு வெல்டிங் அடிக்கும்போது பொறி பட்டை மேல தெறிக்காம ஈர சாக்கு போட்டு மூடுங்க, அந்த சின்ன புள்ளியிலேர்ந்தும் விரிசல் கிளம்பும்.

மாதவரத்துல இருந்த மேஸ்திரி வயசானவரு, சின்ன வயசுலேர்ந்து பட்டை வேலை. பட்டைக் கட்டு முழுசையும் கழட்டினதும் புதுப் பட்டைக்கு ஆள் அனுப்புவாருன்னு பார்த்தா, உடைஞ்ச ரெண்டு துண்டையும் மண்ணெண்ணெய் துணியால துடைச்சு என் கையில கொடுத்தாரு. "இன்னா தெரீது, பாரு." உடைஞ்ச முகத்துல முக்கால்வாசி கருஞ்சிவப்பா இருந்துச்சு, பழைய துரு, மேல் விளிம்புல ஒரு சின்ன குழியிலேர்ந்து ஆரம்பிச்சு வளையம் வளையமா உள்ள இறங்கி வந்த கோடு. மிச்சம் கால்வாசி மட்டும் பளபளன்னு, சர்க்கரை பொடி கணக்கா சொரசொரப்பா இருந்துச்சு. "பளபளன்னு கீதே, அதான் காத்தால உடைஞ்சது. மீதி எப்பவோ உடைஞ்சு போச்சு நைனா, இந்த துளி கெட்டியிலதான் நீ இவ்ளோ நாளு ஓட்டிக்கினு இருந்த." ஓவர்லோடுல உடைஞ்சா எப்படி இருக்கும்னு கேட்டேன். ஒரே அடியில போனதுன்னா முகம் முழுக்க புதுசா பளபளன்னு இருக்கும், பழைய துரு இருக்காதுன்னாரு.

அப்புறம் அந்த குழி எப்படி வந்துச்சுன்ற கேள்வி. வலது பட்டையை பார்த்தா அதுல அந்த மாதிரி துருவே இல்ல. ஒரே வண்டி, ஒரே ரோடு, ஒரே லோடு, இடது பக்கம் மட்டும் ஏன்? மேஸ்திரி கீழ படுத்து மேல பார்த்துட்டு சிரிச்சாரு. பாடி தரையில ஐஸ் தண்ணி வடியறதுக்கு ஒரு ஓட்டை இருக்கு, வண்டியை செகண்ட்ஸ்ல வாங்கும்போதே இருந்தது, முன்னாடி வெச்சிருந்தவங்க போட்டது. அந்த ஓட்டை சரியா இடது பட்டையோட முன் கண்ணுக்குப் பக்கத்துக்கு நேர் மேல. மீன் ஐஸ் தண்ணின்னா கடல் உப்பு கலந்த தண்ணி, ராத்திரியெல்லாம் சொட்டு சொட்டா மெயின் பட்டை மேல் முகத்துல விழுந்துக்கிட்டே இருந்திருக்கு. வெயிட்டு ஏறும்போது பட்டை நிமிருது இல்லையா, அப்போ மேல் முகம்தான் இழுபடும், கீழ் முகம் அமுங்கும். விரிசல் இழுபடற பக்கத்துலதான் வாயைத் திறக்கும். உப்புத் தண்ணி குழி பறிச்சது அதே முகத்துல. அந்த இடத்துல மெயினுக்கு கீழ துணைக்கு ரெண்டாவதைத் தவிர மத்த பட்டைங்களும் வராது, நீளம் குறைஞ்சு நடுவுலயே நின்னுடும். எல்லாம் சேர்ந்து ஒரு இடத்துல.

வேற இடத்துல உடைஞ்சா வேற காரணம். சென்டர் போல்ட் ஓட்டை வழியா நடுவுல உடைஞ்சிருந்தா பட்டைங்களை ஆக்சிலோட சேர்த்து இறுக்கற யூ போல்ட் லூசு, இந்தக் கணிப்பு பெரும்பாலும் தப்பாது. யூ போல்ட் இறுக்கமா இருக்கற வரைக்கும் அந்த நடுப்பகுதி வளையாது, அதனால ஓட்டை இருந்தாலும் ஒண்ணும் ஆகாது. லூசானதும் வளைவு நடுவரைக்கும் வந்துடும், ஓட்டை போட்டதால ஏற்கனவே பலவீனமான இடம் அது. சென்டர் போல்ட் மட்டும் அறுந்து பட்டையெல்லாம் முழுசா இருந்தாலும் ஆக்சில் நகர்ந்துடும், அதோட தலைதான் ஆக்சில் சீட்டுல உக்காந்து இடத்தைக் காட்டுது, அதுக்கும் காரணம் யூ போல்ட்தான். கண்ணுலேயே உடைஞ்சா கண்ணுக்குள்ள உறை மாதிரி இருக்கற புஷ் தேஞ்சு, அதுல போடற பின் இறுகிப் போச்சான்னு பாருங்க. பட்டைங்களை சேர்த்துப் பிடிக்கற கிளிப் ஓரத்துல உடைஞ்சா கிளிப்பை ரொம்ப நசுக்கி அடிச்சிருப்பாங்க.

புதுசு போடறதுல எனக்கு முன்னாடி இருந்த கேள்வி, ஒரு மெயின் பட்டை மட்டும் மாத்தறதா, முழு கட்டும் மாத்தறதா, ஒரு பக்கமா ரெண்டு பக்கமா. பழைய பட்டைங்க உக்காந்து வளைவு குறைஞ்சிருக்கும், அதுங்க நடுவுல புது வளைவோட ஒரு மெயினை சொருகினா மத்ததுங்க வெயிட்டை ஷேர் பண்ணாது, புதுசு தனியா அடி வாங்கும். ஒரு பக்கம் மட்டும் புதுக் கட்டு போட்டா வண்டி மறுபக்கம் சாயும், டயர் ஒரு பக்கம் தேயும். கையில காசு இருந்தா ரெண்டு பக்கமும் புதுக் கட்டு. இல்லைன்னா ரெண்டு மெயினும் புதுசு, மிச்ச பட்டைங்களை ரெண்டு பக்கமும் ஒரே அளவுக்கு வளைவு ஏத்தி விரிசல் இல்லாததை மட்டும் திரும்ப போடறது. நான் ரெண்டாவது வழிதான் எடுத்தேன். வளைவு ஏத்தறதை சூடு காட்டி செய்யற இடத்துல எண்ணெயில முக்கி டெம்பர் பண்றாங்களான்னு நின்னு பாருங்க, கேஸ்ல சிவக்க வெச்சு வளைச்சு அப்படியே ஆற விட்டா அது வெறும் இரும்புப் பட்டைதான்.

விரிசல் பார்க்கறதுக்கு மேஸ்திரி செஞ்சதை அப்படியே சொல்றேன், வீட்டுலயே செய்யலாம். கம்பி பிரஷ் போட்டு துரு மண்ணை எடுத்துட்டு மண்ணெண்ணெய் தடவி ஊற விட்டு, சுத்தமா துடைச்சு காய வெச்சு, மேல சாக்பீஸை தேய்ச்சு விட்டாரு. கொஞ்ச நேரத்துல விரிசல் இருக்கற இடத்துல உள்ள தங்கின எண்ணெய் கசிஞ்சு சாக்பீஸ்ல மெல்லிசா ஒரு ஈரக் கோடு வந்துச்சு. வலது பக்க மூணாம் பட்டையில அப்படி ஒண்ணு கிடைச்சுது, கண்ணுக்கு சத்தியமா தெரியல.

ஸ்பேர்ஸ் வாங்கறவங்க அகலம், நீளம் மட்டும் சொல்லி வாங்கிடாதீங்க, தடிமனை வெர்னியர்ல அளந்து சொல்லுங்க. தடிமன் கொஞ்சம் கூடினாலும் விறைப்பு எகிறிடும், 7 மில்லிமீட்டருக்கு பதிலா 8 போட்டா அந்தப் பட்டை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு விறைப்பாயிடும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல புதுசு கிடைக்கும். புதுப்பேட்டையில பழசும் கிடைக்கும், மத்த ஸ்பேருக்கு நான் புதுப்பேட்டை போவேன், பட்டைக்கு மட்டும் போகமாட்டேன், அது எந்த வண்டியில எவ்ளோ அடி வாங்குச்சுன்னு யாருக்கும் தெரியாது.

எக்ஸ்ட்ரா பட்டை சேர்த்துக்கலாமான்னு நிறைய பேரு கேக்கறாங்க. சேர்க்கலாம், வண்டி உக்காராம நிக்கும், ஆனா லோடு லிமிட்டு அதிகமாகாது. ஆக்சில், பேரிங்கு, டயர், பிரேக்கு, சேசிஸ் எல்லாம் அதே பழசுதானே. பட்டை உடையறதுக்கு பதிலா ஹேங்கர் பிராக்கெட் கிட்ட சேசிஸ் விரியும், அது இதை விட பெரிய செலவு. 2019ல திருத்தின மோட்டார் வாகன சட்டப்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபா, அதுக்கு மேல கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, அதிக லோடை இறக்கற செலவும் நம்மளுது. இன்சூரன்ஸ்ல வரும்னும் நம்பாதீங்க, தேய்மானம், மெக்கானிக்கல் பிரேக்டவுன் ரெண்டும் சாதாரண பாலிசியில கிடையாது. ரோட்சைடு அசிஸ்டென்ஸ் சேர்த்து எடுத்திருந்தா ரெக்கவரி வண்டி செலவு மட்டும் மிச்சமாகும்.

ஃபிட்டிங் நடக்கும்போது கூட நில்லுங்க, மேஸ்திரி கோவிச்சுக்க மாட்டாரு. யூ போல்ட்டை புதுசா போடணும், நட்டோட. பழசு இழுபட்டு மரை நீண்டிருக்கும், இறுக்கம் நிக்காது. துருப்பிடிச்ச பழைய யூ போல்ட்டை அறுக்கறதுக்கு கேஸ் கட்டிங் வேணாம், கிரைண்டர் போதும், கேஸ் சூடு பட்டையில பட்டா டெம்பர் போச்சு. சென்டர் போல்ட் ஹை டென்சைல்தான்னு கேட்டு போடுங்க. கண்ணு ரப்பர் புஷ்ஷா இருந்தா முன் கண்ணுல போடற பின்னையும் ஷேக்கிளையும் வண்டியை தரையில இறக்கி அதோட வெயிட்டுல நிக்க வெச்சு கடைசியா இறுக்கணும், அந்தரத்துல தொங்கும்போது இறுக்கினா வண்டி இறங்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும், சீக்கிரம் கிழியும். யூ போல்ட் நாலு நட்டையும் குறுக்கும் நெடுக்குமா கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். அப்புறம், இதை ரொம்ப பேரு செய்யறது இல்ல, முதல் லோடு ஓடினதும் திரும்ப வந்து இறுக்கணும், ஒரு 500 கிலோமீட்டர்ல இன்னொரு தடவை. புதுப் பட்டைங்க ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சு உக்காரும்போது பெயிண்டு நசுங்கி இடைவெளி விழும், நட்டு தன்னால லூசாயிடும். இதை விட்டா நடுவுல உடையற கதைதான்.

அந்த ஓட்டைக்கு என்ன பண்ணேன்னா, பழசை மூடிட்டு பாடியோட பின் மூலையில வேற ஓட்டை போட்டு, அதுல ஒரு ரப்பர் டியூப் மாட்டி ஆக்சிலுக்குப் பின்னால பம்பர் வரைக்கும் இறக்கிட்டேன், தண்ணி பட்டை மேலயும் சொட்டாது, பிரேக் மேலயும் சொட்டாது. மீன் இறக்கிட்டு வந்ததும் நல்ல தண்ணி பிரஷர்ல அடியெல்லாம் அடிச்சு கழுவறேன், ஹார்பர் உள்ள கிடைக்கற உப்புத் தண்ணியில இல்ல. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப மணலி, எர்ணாவூர் பக்கம் நாள்கணக்குல தண்ணியில நின்ன வண்டிங்களுக்கும் இதையே சொல்வேன், பட்டை இடுக்குல போன சேறு வெளியேருந்து கழுவினா போகாது, பட்டைக் கட்டு முழுசையும் பிரிச்சாதான் போகும். மீன் லோடு ஓட்டறவங்களுக்கு அதுக்கு நேரம் ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம்தான், விசைப்படகு கடலுக்குப் போகாது, லோடு குறைச்சல், அப்போ பட்டைக் கட்டு முழுசையும் கழட்டி சுத்தம் பண்ணி கிராஃபைட் கிரீஸ் தடவி மாட்டிடலாம். நடுவுல ரப்பர், பிளாஸ்டிக் பேடு வெச்ச கட்டுக்கு மட்டும் கிரீஸ் போடறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க.

செகண்ட்ஸ்ல பிக்கப் பார்க்கப் போறவங்க பெயிண்டு, டயர் பார்க்கறதோட சமதரையில வண்டியை நிறுத்தி ஸ்டியரிங்கை நேரா வெச்சு, முன் சக்கர நடுவுலேர்ந்து பின் சக்கர நடு வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப்பு பிடிங்க. ரெண்டும் ஒண்ணா வரணும். டயர் மேல்பாகத்துலேர்ந்து பாடி வரைக்கும் உள்ள உயரத்தையும் ரெண்டு பக்கமும் பாருங்க. அப்புறம் டார்ச் எடுத்துட்டு கீழ குனிஞ்சு பட்டை இடுக்குல சிவப்புப் பொடி கசிஞ்சிருக்கா, பாடி ஓட்டை எங்க சொட்டுது, பட்டையில எங்கயாவது வெல்டிங் தடம் பெயிண்டு அடிச்சு மறைச்சிருக்காங்களான்னு பாருங்க. வெல்டிங் தடம் இருந்தா ரெண்டு பக்கத்துக்கும் புதுக் கட்டு, யூ போல்ட், புஷ், லேபர் எல்லாத்துக்கும் பட்டறையில ரேட்டு கேட்டு, அதை மொத்த விலையில கழிச்சுப் பேசுங்க.